நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் ஜாதகம்

தேனி கடைவீதியில் சுருளியாண்டியின் அச்சகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது ஊரில் பாதிப் பேர் அதைப் பார்க்க வந்தார்கள். மீதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களைப் பார்க்க வந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அடித்தே காலத்தை ஓட்டிய மனிதர் அவர். பத்திரிகை அடிக்கக் கல்யாணம் நடக்க வேண்டும், கல்யாணம் நடக்கப் பொருத்தம் பார்க்க வேண்டும், அந்தப் பொருத்தத்தையும் நம் கடையிலேயே பார்த்துவிட்டால் என்ன என்று எண்பத்தெட்டாம் வருசம் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனைதான். பொருத்தம் இருக்கிறது என்று மெஷின் சொன்ன கையோடு, மஞ்சள் தடவிய மாதிரிப் பத்திரிகைகளை எடுத்து மேசையில் பரப்பிவிடுவார்.

மெஷினை ஓட்டுகிறவள் ஜெபராணி. அல்லிநகரத்து ஏசுதாசனின் மகள். மதுரையில் ஆறு மாதம் தங்கி கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு, மற்ற ஆறு நாளும் செவ்வாய் தோஷம் என்று அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஜாதகத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் மெஷினில் இருந்தது. அந்தப் பச்சை எழுத்துகள் திரையில் ஒவ்வொன்றாக வந்து உட்காருவதைப் பார்க்கும்போது, உலகத்திலேயே தனக்குப் பொருத்தமான இடம் இந்த நாற்காலிதான் என்று அவளுக்குத் தோன்றும். அவளுக்குத் தெரிந்து அந்தக் கடைவீதியில் வேறு கம்ப்யூட்டர் கிடையாது. இந்த நாற்காலி போனால் அப்புறம் மதுரைக்குத்தான் போக வேண்டும். மதுரைக்கு அப்பா இன்னொரு தடவை அனுப்பமாட்டார்.

சுருளியாண்டியிடம் ஒரு சட்டம் இருந்தது. ராகு காலத்தில் அச்சு மெஷின் ஓடலாம், கம்ப்யூட்டர் மட்டும் ஓடக்கூடாது. "அச்சு மெஷினு பழைய வேலையத் தொடர்ந்து செய்யுது. இது ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் வாழ்க்கையப் புதுசா ஆரம்பிக்குதுல்ல" என்பார். ஆகவே தினமும் ஒன்றரை மணி நேரம் கம்ப்யூட்டரை அணைத்து, மஞ்சள் துணி போட்டு மூடி, அறையைப் பூட்டிவிடுவார்கள். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு, வியாழன் ஒன்றரைக்கு, வெள்ளி பத்தரைக்கு என்று ராகு நகர நகர ஜெபராணியின் சாப்பாட்டு நேரமும் நகரும். அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். முதலாளி டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். ராகுவுக்கு இப்படி லீவு விட்ட ஆபீஸ் வேறெங்கும் இருந்ததா என்று தெரியவில்லை.

வம்பு ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. மார்க்கையன்கோட்டை மொக்கம்மாள் என்ற அம்மாள், கையில் ஒரு நீளத் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். நுழைந்தார் என்பது சும்மா ஒரு வார்த்தைக்கு. கடையே இரண்டு அடி பின்னால் போனது.

"யாருய்யா இங்கன மொதலாளி?"

சுருளியாண்டி எழுந்தார்.

"ஏ மகளுக்கு என்ன வயசு?"

"தெரியலையேம்மா."

"இருவத்திரெண்டு. போன மாசம் இங்கனதேன் சாதகம் போட்டேன். நூத்திப் பன்னெண்டாம் நம்பர்னு சீட்டுக் குடுத்தீக. மாப்பிள்ள வீட்டாளுக பெரியகுளத்துல இருந்து வெள்ளிக்கிழம ஒங்ககிட்டதேன் வந்து பொருத்தம் பாத்துருக்காக. இந்தா, நீரே வாசியும்."

சுருளியாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தார். பெண்ணின் பெயர் சரியாக இருந்தது. பிறந்த வருடம் 1938 என்று இருந்தது. வயது ஐம்பத்தொன்று. மாப்பிள்ளைக்கு இருபத்தேழு.

"சம்மந்தி வீட்டுல என்ன சொல்லி அனுப்பிருக்காக தெரியுமா? 'பொண்ணு எங்களுக்கு வேண்டாம், வேணும்னா பையனுக்குப் பாட்டியா வச்சுக்கிர்றோம்'னு." சொல்லும்போதே மொக்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதில் கோபம் இன்னும் கூடிவிட்டது. "வர்ற வெள்ளிக்கிழம வாரேன். எந்தக் கழுத இதுல கைய வச்சுச்சுன்னு ஆளக் காட்டணும். காட்டலைன்னா இந்தப் பொட்டிய நானே தூக்கிட்டுப் போயி முல்லை ஆத்துல போட்டுருவேன்."

வெள்ளிக்கிழமை அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தவர் சுருளியாண்டிதான். கடைசி வரியில் 'பொருந்தாது' என்று இருந்ததை மட்டும் பார்த்து, ஒரு பத்திரிகை ஆர்டர் போயிற்றே என்று வருத்தப்பட்டுவிட்டு மேலே படிக்காமல் கொடுத்துவிட்டார். ஜெபராணி அப்போது பிரிண்டர் ரிப்பன் மாற்றிக் கையெல்லாம் மையாகிக் குழாயடியில் நின்றிருந்தாள். இப்போது அவள் ஓடிப்போய் நூற்றுப் பன்னிரண்டைத் திரையில் வரவழைத்தாள். பெயர் அப்படியே இருந்தது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றும் வேறு. அவள் அடித்தது இல்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

மெஷின் விற்ற மதுரைக் கம்பெனிக்கு டிரங்கால் போட்டார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்து கிடைத்தது. இன்ஜினியர் சுந்தர்ராஜ் கிணற்றுக்குள் இருந்து பேசுவது மாதிரி பேசினார். ரெண்டு விசயந்தான் சார் இருக்க முடியும் என்றார். ஒன்று, வைரஸ். இப்போது புதிதாக வந்திருக்கிறது, ஒரு ஃப்ளாப்பியில் இருந்து இன்னொரு ஃப்ளாப்பிக்கு ஒட்டிக்கொண்டு பரவும். இன்னொன்று, உங்களுக்குத் தெரியாமல் யாரோ மெஷினுக்குள் போய் வருகிறார்கள். ஜெபராணியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, நீ செய்யாத வேலை ஏதாவது உள்ளே நடந்திருக்கிறதா பார், நீ வைத்த பொருள் வைத்த மாதிரி இருக்கிறதா பார், ஒவ்வொரு ஃபைலிலும் எத்தனை மணிக்கு எழுதினது என்று இருக்கும், அதைப் பார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் போய்விட்டது.

சுருளியாண்டிக்கு முதல் பாதிதான் மனசில் நின்றது. ஒட்டிப் பரவுகிற நோய் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை காலை ஜெபராணி வந்து பார்த்தபோது கம்ப்யூட்டரின் தலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. அறை வாசலில் இன்னொரு கொத்து. கீபோர்டைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளிக்கப் போனவரை அவள் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியதாயிற்று.

"மொதலாளி, இது அம்மை இல்ல. தண்ணி பட்டா மெஷினு செத்துப்போகும்."

"ஆத்தா வந்து எறங்கிருக்கும்போது செத்துப்போகும்னெல்லாம் சொல்லாத" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வேப்பிலை பறித்துக் கொடுத்தது அவர் மனைவி கஸ்தூரியம்மாள். அச்சகத்துக்குப் பின்னாலேயே வீடு. கம்ப்யூட்டர் அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கதவு, தாழ்ப்பாள் வீட்டுப் பக்கம். கஸ்தூரியம்மாள் அந்தக் கதவைத் திறந்துவைத்து, நிலைப்படியில் உட்கார்ந்து மொச்சை உரிப்பார், கீரை ஆய்வார், ஜெபராணிக்கு டீ கொண்டுவந்து வைப்பார், அவள் குடிக்கும் வரை நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். அந்தக் கடையில் ஜெபராணிக்கு மனசுக்கு ஒட்டுதலாக இருந்தது அவர் ஒருவர்தான்.

இன்ஜினியர் சொன்ன இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டாள் ஜெபராணி. புதன்கிழமை ராகு காலம் முடிந்து ஒன்றரைக்குத் திரும்பியவள் மெஷினை உடனே போடவில்லை. மஞ்சள் துணியை அவள் எப்போதும் குங்குமப் பொட்டு உள்ள மூலை இடது பக்கம் வருகிற மாதிரி போடுவாள். அது வலது பக்கம் இருந்தது. துணியை எடுத்துவிட்டுத் திரையில் உள்ளங்கையை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் அணைந்து கிடந்த மெஷினுக்குக் காய்ச்சலா என்ன? ஃப்ளாப்பி, உறைக்குள் தலைகீழாக இருந்தது. கீபோர்டில் இரண்டு, மூன்று என்ற இரு கட்டைகளில் மட்டும் லேசாக மஞ்சள். கல்யாணப் பத்திரிகைக் கடையில் மஞ்சள் எங்கேதான் இல்லை, அதை விட்டுத் தள்ளினாள்.

பார்த்ததை மறைக்காமல் முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"அப்ப நோய் இல்ல. ராகு காலத்துல எவரோ மெஷினப் போடுறாக" என்றார் சுருளியாண்டி. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "இந்தக் கடையில ராகு காலத்துல அதத் தொடுற தைரியம் யாருக்கு இருக்கு? அச்சுக்கோக்குற அம்மாவாசிக்கு இருக்கா? அவன் ராகு காலத்துல மூக்கக்கூடச் சிந்தமாட்டான். எனக்கு இல்ல. ஒனக்குத்தேன் ராகுவும் கெடையாது, கேதுவும் கெடையாது."

"நான் வீட்டுல இருந்தேன் மொதலாளி."

"சாவி ஒங்கிட்ட ஒண்ணு இருக்குல்ல?"

இருந்தது.

"வெள்ளிக்கிழம அந்தம்மா வந்து நிக்கும். எவளையாச்சும் காட்டணும். யோசிச்சு வையி" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துபோனார்.

அழுகையை விழுங்கிக்கொண்டு அவள் மெஷினைப் போட்டாள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக நேரம் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கண் விழித்ததும் இன்று என்ன தேதி, இப்போது மணி என்ன என்று ஆஸ்பத்திரியில் முழித்த நோயாளி மாதிரி கேட்கும். நாம் என்ன சொல்கிறோமோ அதுதான் அதற்கு நேரம். அதை வைத்துத்தான் ஒவ்வொரு ஃபைலிலும் முத்திரை குத்தும். தேதியையும் மணியையும் அடித்துவிட்டு, ஃபைல்களின் பட்டியலை வரிசையாக ஓடவிட்டாள். அவள் செய்யாத பொருத்தங்கள் ஏழு இருந்தன. ஏழிலும் பெண் நூற்றுப் பன்னிரண்டு. ஏழிலும் மாப்பிள்ளை ஒரே ஆள், ஒன்றாம் நம்பர். பெண்ணின் பிறந்த நேரம் மட்டும் மாலை ஐந்து ஐம்பது, ஆறு, ஆறு பத்து என்று ஒவ்வொன்றிலும் மாறிக்கொண்டே போனது.

முத்திரையைப் பார்த்தாள். போன புதன் காலை 9.20. வியாழன் காலை 10.50. வெள்ளி காலை 9.25. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வியாழன் காலை பத்தே முக்காலிலிருந்து பதினொன்று வரை இதே நாற்காலியில் இதே மெஷினில் அவள் ஒரு போடிக்காரருக்கு ஜாதகம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஃபைலிலும் 10.50 என்றுதான் இருந்தது. ஒரே மெஷின், ஒரே நிமிடம், இரண்டு பேர் எப்படி?

வந்தவர் நேரத்தைப் பொய்யாக அடித்திருக்கிறார். எதற்கு? நிமிர்ந்தவள் கண்ணில் சுவரில் தொங்கிய தினக் காலண்டர் பட்டது. கிழித்த தாள்களைக் கஸ்தூரியம்மாள் அடுப்புப் பற்றவைக்க எடுத்துப் போவது வழக்கம், ஆனால் போன வாரத் தாள்கள் கம்பியில் இன்னும் குத்தி இருந்தன. உருவிப் பார்த்தாள். வியாழன், நல்ல நேரம் 10.45 முதல் 11.45 வரை. புதன், 9.15 முதல். வெள்ளியும் அப்படியே.

தாள்களோடு முதலாளியிடம் ஓடினாள்.

"மொதலாளி, ராகுவ நம்பாத நானா இருந்தா என்ன நேரமோ அதையே அடிச்சிட்டுப் போயிருப்பேன். இவுக ராகு காலத்துல வந்து ஒக்காந்து, மெஷினு மணி கேட்டதும், கெட்ட நேரத்தச் சொல்லப் பயந்து காலண்டரப் பாத்து நல்ல நேரத்த அடிச்சிருக்காக. இது நம்பிக்க உள்ளவுக செஞ்ச வேல."

சுருளியாண்டி தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். வாதம் அவருக்குப் புரிந்தது, ஏனென்றால் அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

"சரி. யாரு யாருக்குப் பொருத்தம் பாத்துருக்காக?"

"பொண்ணு, ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு நவம்பர் ஒம்பதுல பொறந்தவுக. ஊரு வருசநாடு. மாப்பிள்ள ஒண்ணாம் நம்பர்."

"ஒண்ணாம் நம்பர் எவன்?"

"நீங்கதான் மொதலாளி. மெஷினு வந்த அன்னைக்கு மொதல்ல ஒங்க ஜாதகத்தத்தான போட்டோம்."

சுருளியாண்டி மெதுவாக உட்கார்ந்தார். அவருடைய கை தானாக மீசைக்குப் போனது.

"எனக்கா?"

"ஏழு தடவ பாத்துருக்காக."

"ஏழு தடவையா!" என்றார். அதிர்ச்சி என்று சொல்லவேண்டிய இடம். ஆனால் குரலில் அது மட்டும் இல்லை. "வருசநாட்டுக்காரி... ஏ மாமனார் ஊருக்கு நான் போக வர இருந்தப்ப எவளாச்சும் பாத்துருப்பா. அப்ப நான் ஆளு இப்படியா இருப்பேன்? கஸ்தூரி காதுல விழுந்துராம பாத்துக்க."

ஜெபராணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மாமனார் ஊர் என்று சொன்ன மனிதருக்கு அந்த மாமனாருக்கு ஒரு மகள் உண்டு என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. முப்பத்தொரு வருசமாகச் சோறு போடுகிறவள் எந்தத் தேதியில் பிறந்தாள் என்று அவருக்குத் தெரியாது. ஜெபராணி வாயை மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை முதலாளி மீசைக்கு மை போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். மையில் கொஞ்சம் மேலுதட்டிலும் இறங்கியிருந்தது. கடைக்குள் ஐம்பது வயதுப் பெண்கள் யார் வந்தாலும் எழுந்து நின்றார். போஸ்ட் ஆபீசுக்கு வழி கேட்டு வந்த ஒரு அம்மாளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, எந்த ஊர் என்று மூன்று தடவை கேட்டார். அந்த அம்மாள் டீயைக் குடித்துவிட்டு, ஊரைச் சொல்லாமல் வேகமாகப் போய்விட்டார்.

ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்கியது. ஜெபராணி அல்லிநகரம் போகிற மாதிரிப் போய், இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, சத்தமில்லாமல் அறைப் பூட்டைத் திறந்தாள்.

மஞ்சள் துணி ஒழுங்காக மடித்து ஓரமாக இருந்தது. வேப்பிலைக்குக் கீழே பச்சை வெளிச்சத்தில் கஸ்தூரியம்மாள் முன்னால் குனிந்து உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஆறு என்ற கட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். கதவுச் சத்தத்தில் எழப் பார்த்தார். பிறகு எழவில்லை.

"ஆத்தா, ஜெபராணி. ஏசாத. இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துக்கிர்றேன்."

அஞ்சாம் வகுப்புப் படித்தவர். இங்கிலீஷ் தெரியாது. எழுத்துகளைப் படம் மாதிரி மனசில் வாங்கியிருந்தார். முதலில் தேதி, அப்புறம் மணி, அப்புறம் கொக்கி மாதிரி ஒரு எழுத்து, அப்புறம் எல்லாம் நம்பர்தான். புது ஜாதகத்துக்கு ஒன்று, பழசைத் திருத்த இரண்டு, பொருத்தத்துக்கு மூன்று. புது ஜாதகத்துக்குப் பேரை இங்கிலீஷில் அடிக்க வேண்டும், அது முடியாது. ஆகவே யாருடையதோ பழைய ஒன்றைத் திருத்திக்கொண்டார்.

"நூத்திப் பன்னெண்டு எப்படிம்மா?"

"அந்தப் புள்ளைக்குத்தேன் போன மாசமே தாள் அடிச்சுக் குடுத்துட்டியே. வேல முடிஞ்சது, சும்மாதான கெடக்குன்னு நெனச்சேன். எழுதுன தாளுக்குப் பின்னாடி எழுதுறது இல்லையா, அது மாதிரி."

பின்பக்கத்தில் எழுதினால் முன்பக்கம் அழிந்துபோகும் தாள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஜெபராணிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. எதற்கு இதெல்லாம் என்று கேட்டாள்.

"எங்கப்பா தேதிய மட்டும் கதவுக்குப் பின்னால தார வச்சு எழுதிப்போட்டாரு. மணி பாக்க எங்க காட்டுல ஏது கடியாரம்? ஆடு கெடைக்குத் திரும்புற நேரம்னு சொல்லுவாக. அஞ்சரையும் ஆடு திரும்புற நேரந்தேன், ஏழும் ஆடு திரும்புற நேரந்தேன். நேரம் தெரியாததால பொருத்தம் பாக்காமலே கட்டிக் குடுத்துட்டாக. அச்சு மெஷினுல பல்லு ஒடஞ்சாலும், பேப்பரு மழையில நனஞ்சாலும், இவுக இன்னைக்கி வரைக்கும் சொல்றது அதத்தேன். 'பொருத்தம் பாக்காமக் கட்டுனது'ன்னு. பாத்துருவோமேன்னு பாத்தேன். பத்து நிமிசம் பத்து நிமிசமா மாத்திப் பாத்தேன்."

"நேரத்த ஏன் பொய்யா அடிச்சீக?"

"மெஷினு வாயத் தொறந்து கேக்குது. ராகு காலம்னு அதுக்கிட்டச் சொன்னா அது நல்லதாச் சொல்லுமா?"

ஜெபராணி எல்லாவற்றையும் சொன்னாள். மொக்கம்மாள் மகளுக்கு ஐம்பத்தொரு வயதானது, பெரியகுளத்துச் சம்பந்தம் நின்றுபோனது, நாளைக்குத் தன் வேலை போகப்போவது எல்லாம். கஸ்தூரியம்மாள் இவ்வளவும் வைரஸ் செய்தது என்று தன் புருசன் சொன்னதை நம்பி, தானே வேப்பிலை பறித்துக் கொடுத்தவர். முகம் வெளிறிவிட்டது.

"நீ கவலப்படாத. நாஞ் சொல்லிக்கிர்றேன் இவுககிட்ட" என்றார்.

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். மறுநாள் காலை சுருளியாண்டி வந்த முகத்தைப் பார்த்ததும் ஜெபராணிக்குத் தெரிந்தது. மை போட்ட மீசைக்குக் கீழே அந்த முகம் ஒரு நாளில் ஏழெட்டு வயது கூடியிருந்தது. அவளைத் தனியாக அழைத்தார்.

"இந்தா பாரு ஜெபராணி. நடந்தது நடந்துபோச்சு. ஏ பொண்டாட்டி ஏஞ் சாதகத்துக்குத் திருட்டுத்தனமாப் பொருத்தம் பாத்தான்னு வெளிய தெரிஞ்சா இந்தக் கடவீதியில நான் நடக்க முடியுமா? நீ கை தவறி அடிச்சிட்டேன்னு சொல்லிரு. அந்தம்மா ரெண்டு ஏசு ஏசும், போயிரும். ஒரு மாசம் வீட்டுல இரு. அப்பறம் கூப்பிட்டுக்கிர்றேன்."

ஒரு மாதம் கழித்து யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? வேறொரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பேரோடு தேனியில் எந்தப் படி ஏற முடியும்? வாயைத் திறந்தாள். சொல்வதற்குள் வாசலில் மொக்கம்மாள் வந்து நின்றார்.

"எங்க? ஆளக் காட்டும்."

சுருளியாண்டி தொண்டையைச் செருமினார். "அது வந்தும்மா, சின்னப் புள்ள, தெரியாத்தனமா..." என்று கையை ஜெபராணி பக்கம் நீட்டினார்.

மொக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அது? ஏண்டி, ஏ மக ஒனக்கு என்னடி செஞ்சா?"

ஜெபராணி தலையை ஆட்டினாள். "நான் இல்லம்மா" என்றாள். சத்தமே வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "நான் இல்ல."

"அவ இல்ல" என்று பின்கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. கஸ்தூரியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடு அறைக்கு வந்தார். "நீங்க தேடுற கழுத நாந்தேன். ராகு காலத்துல யாருக்கும் தெரியாம ஒக்காந்து ஒங்க மகளோட சாதகத்து மேல ஏஞ் சாதகத்த எழுதிப்புட்டேன். இவ அதக் கண்டுபிடிச்சா. இவ மட்டும் இல்லைன்னா இன்னும் பத்துப் புள்ளைகளுக்கு அம்பத்தொரு வயசு ஆயிருக்கும்."

"கஸ்தூரி, உள்ள போ" என்றார் சுருளியாண்டி.

"போறேன். சொல்லிட்டுப் போறேன்." ஆடு கிடைக்குத் திரும்பிய நேரத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கவும் இல்லை, அழவும் இல்லை. "பெரியகுளத்துக்கு நானே ஒங்க கூட வாரேன். அவுக வாசல்ல நின்னு இதே மாதிரிச் சொல்றேன். சரியான தாள இவ இப்பவே அடிச்சுத் தருவா."

உள்ளே அச்சு மெஷின் நின்றுவிட்டது. அம்மாவாசி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, இவ்வளவு தூரம் பாத்தியே" என்றார் மொக்கம்மாள் கடைசியில். "பொருந்துச்சா?"

"ஆறு பத்து வரைக்கும் பொறந்துருந்தா மூணு பொருத்தம். அதுக்கு மேலைன்னா எட்டு."

மொக்கம்மாள் திரும்பி, மை போட்ட மீசையிலிருந்து இஸ்திரி போட்ட சட்டை வரைக்கும் சுருளியாண்டியை நிதானமாகப் பார்த்தார். வயசுப் பெண்ணின் தலையில் பழியைக் கட்டப் பார்த்த அந்தக் கையையும் பார்த்தார்.

"மூணுதேன்" என்றார். "ஆடு அன்னைக்கு வெரசாத் திரும்பிருக்கு."

அம்மாவாசி சிரித்துவிட்டு, சிரித்ததற்குப் பயந்து உள்ளே போய்விட்டான். கஸ்தூரியம்மாளும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து ஜெபராணி அன்றுதான் பார்த்தாள்.

"ஆத்தா, ஒன்னையப் போயி ஏசிப்புட்டேன். மனசுல வச்சுக்கிறாத" என்று ஜெபராணியின் கன்னத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் விரல்களை முறித்துக்கொண்டார் மொக்கம்மாள். "பெரியகுளத்துல சொல்லும்போது நீயும் கூட வரணும். படிச்ச புள்ள சொன்னாத்தேன் அவுகளுக்குப் புரியும்."

சுருளியாண்டி, "இப்பவே அடிச்சுக் குடும்மா" என்று ஜெபராணியைப் பார்க்காமல் சொன்னார். அதுதான் அவரால் முடிந்த மன்னிப்பு. அவள் துணியை எடுத்தாள். மெஷின் தேதி கேட்டது, மணி கேட்டது. உள்ளது உள்ளபடி அடித்தாள். மகள் பிறந்த தேதி, நேரம், ஊரை மொக்கம்மாள் சொல்லச் சொல்லத் திருத்தினாள். மகளின் ஜாதகம் இருபத்திரண்டு வயதோடு சரசரவென்று பிரிண்டரில் வந்து விழுந்தது. மொக்கம்மாள் அதை வாங்கி, மடித்து, சுருக்குப்பையில் வைத்தார். ஆனால் கிளம்பவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க வீட்டு ஆளு சாதகம் ஓலையில இருக்கு, தேதி நேரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஏந் தேதி எனக்குத் தெரியும். நேரம் மட்டும் கோழி அடையுற நேரம்பாக." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எத்தன மணில இருந்து ஆரம்பிக்கலாம்?"

சுருளியாண்டி என்னவோ சொல்ல வாயெடுத்தார். மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். அவர் நான்கு டீ சொல்லப் போனார்.

ஜெபராணி ஒன்றை அழுத்தினாள். புது ஜாதகம்.

"பேரு சொல்லுங்கம்மா" என்றாள்.